பெறாமகளின் றிசெப்ஷனும் கார் டிக்கிகளும்

அண்ணை கோயில் நிர்வாக சபையில் இருக்கிறவர். ஒரு சொட்டு வாயில் வைத்தது கிடையாது. பெப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிட்டு இருத்தி, கொஞ்ச நேரம் பனியைப் பற்றிக் கதைத்து, பிறகு காஸ் விலையைப் பற்றிக் கதைத்து, கடைசியில் “தம்பி, அந்த விஷயத்தை நீதான் பார்க்கவேணும்” என்றார். எந்த விஷயம் என்று கேட்டேன். அண்ணை யன்னலைப் பார்த்தார். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்த அண்ணிதான் உடைத்தார். “தண்ணி விஷயம். மாப்பிள்ளை பகுதி கேட்டுப்போட்டினம்.”

அண்ணையின் மகள், அதாவது என் பெறாமகளின் கலியாணம் வெள்ளிக்கிழமை காலை, சைவச் சாப்பாடு, அதில் பிரச்சினை இல்லை. றிசெப்ஷன் அடுத்த நாள் சனிக்கிழமை பின்னேரம், கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மண்டபம், 400 பேர். யூலை மாதம். என்னிடம் வந்ததற்குக் காரணம் நான் பெரிய குடிகாரன் என்பது அல்ல (அண்ணிக்கு அதில் வேறு அபிப்பிராயம் இருக்கலாம்). 1989இல் இங்கே வந்த புதிதில் வார நாட்களில் தொழிற்சாலை, சனி ஞாயிறுகளில் ஒரு விருந்து மண்டபத்தில் கோப்பை கழுவல். இரண்டு வருடத்தில் கோப்பையிலிருந்து பாருக்கு உயர்த்தினார்கள். இத்தாலியர், போர்த்துக்கேயர், எங்கட ஆட்கள் என்று எத்தனையோ கலியாணங்களில் ஊற்றியிருக்கிறேன். அதனால் சொந்தத்தில் எந்த றிசெப்ஷன் என்றாலும் போத்தல் கணக்கு என் தலையில்தான் விழும்.

எங்கட ஆட்களின் கலியாணங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மண்டபத்துக்குள் எத்தனை வகை வைத்தாலும், கார் நிறுத்துமிடத்தில் மூன்று நான்கு டிக்கிகள் திறந்தே இருக்கும். சுற்றி ஆறேழு பேர், கையில் பிளாஸ்டிக் கோப்பை, காரின் கூரையில் மிக்சர் பை. இங்கே அது குற்றம். திறந்த போத்தலை வாகனத்தில் வைத்திருக்கவும் கூடாது, பொது இடத்தில் நின்று குடிக்கவும் கூடாது. எங்கள் சொந்தத்தில் ஒருவர் அப்படி டிக்கிப் பக்கம் நின்றுவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போகையில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னது. இரத்தத்தில் மதுவின் அளவு சட்டம் வைத்த எல்லையான 80ஐத் தாண்டிவிட்டது. லைசன்ஸ் அந்த இடத்திலேயே 90 நாளுக்குப் போனது, கார் 7 நாளுக்குப் போனது. காரோடு டிக்கியில் இருந்த பலகாரச் சட்டியும் போனது. ஒரு கிழமை கழித்துக் காரை மீட்டபோது அந்தப் பயற்றம் பணியாரம் இருந்த நிலையை அவருடைய மனைவி இன்னும் சொல்லிக் காட்டுவார். அதனால் இந்த முறை நான் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. டிக்கிகளை மூடவேண்டும். குடிக்கிறவன் உள்ளே, வெளிச்சத்தில், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் நின்று குடிக்கட்டும்.

முதல் வேலை பெர்மிட். மண்டபத்துக்குச் சொந்தமாக மதுபான லைசன்ஸ் இருந்தால் அவர்களே வாங்கி அவர்களே ஊற்றுவார்கள், நாங்கள் காசைக் கட்டினால் போதும். இந்த மண்டபம், நாங்களே வாங்கிக் கொண்டுவரலாம் என்று விட்டுவிட்டது. செலவு குறைவு, தலையிடி கூட. ஒன்ராறியோவில் அதற்கு ‘சிறப்பு நிகழ்வு’ பெர்மிட் ஒன்று எடுக்கவேண்டும். கொடுப்பது மாகாணத்தின் மதுபான, சூதாட்ட ஆணையமான ஏ.ஜி.சி.ஓ., இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். விருந்தினரிடம் காசு வாங்காமல் சும்மா ஊற்றுவது என்றால் 50 டொலர். காசுக்கு ஊற்றும் வகையும் உண்டு. கலியாண வீட்டில் சனத்திடம் காசு வாங்கி ஊற்றினால் அந்தக் கதை யாழ்ப்பாணம் வரைக்கும் போகும் என்பதால் அந்தப் பக்கத்தை நான் திறக்கவேயில்லை.

யாருடைய பெயரில் எடுப்பது என்பதில்தான் இழுபட்டது. அண்ணையின் பெயரில் எடுக்கலாம் என்று வாய் திறந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மூடிக்கொண்டேன். அந்தத் தாளை மண்டபத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கவேண்டும். கோயில் நிர்வாக சபையில் பாதிப்பேர் வருவார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் “எனக்கு இங்கிலீஷ் சரிவராது” என்றார், முப்பது வருடமாக இங்கே கடை நடத்துகிற மனிசன். கடைசியில் என் பெயர். பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அன்றிரவுக்குப் பொறுப்பு. யாராவது வெறியில் விழுந்தாலும், 19 வயதாகாத பொடியனுக்கு யாராவது ஊற்றினாலும், என்னைத்தான் கேட்பார்கள். ஆகவே அன்றைக்கு நான் தொடக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பெறாமகள் அதைக் கேட்டு அரைமணித்தியாலம் சிரித்தாள்.

மண்டபம் இன்னும் இரண்டு கேட்டது. இருபது இலட்சம் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி ஒன்று, ஒரு நாளுக்கு. மற்றது, ஊற்றுகிறவர்களிடம் ஸ்மார்ட் சேர்வ் சான்றிதழ் இருக்கவேண்டும். எவனுக்குப் போதும் என்று சொல்வது, எப்படிச் சொல்வது என்று படிப்பிக்கிற ஒரு பாடநெறி அது. மாப்பிள்ளையின் சிநேகிதர் இரண்டு பேர் “அங்கிள், நாங்கள் பாரைப் பார்க்கிறம்” என்று வந்தார்கள். பாரைப் பார்க்கிறவன் பாரைக் குடிக்கிறவனாக மாற எவ்வளவு நேரம் செல்லும் என்று எனக்குத் தெரியும். சம்பளத்துக்கு மூன்று பேரைப் பிடித்தேன். ஒருவர்கூடத் தமிழ் இல்லை. அது தற்செயல் அல்ல. தமிழ்ப் பொடியனாக இருந்தால் “தம்பி, நீ யாற்ற மகன்?” என்று தொடங்கி நான்கு பெக்கை ஒரு கோப்பையில் வாங்கிப்போடுவார்கள். பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் அது நடக்காது.

பெர்மிட் பற்றி அண்ணை முகம் சுளித்தபோது ஒரு கதை சொன்னேன். இந்த மாகாணமும் ஒரு காலத்தில் அண்ணையைப் போலத்தான் இருந்தது. 1916இல் மதுவிலக்குப் போட்டார்கள். 1927இல் எடுத்துவிட்டு, அரசாங்கமே விற்கட்டும் என்று எல்.சி.பி.ஓ.வைத் தொடங்கினார்கள். அப்போதும் சும்மா போய் வாங்க முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெர்மிட் இருக்கவேண்டும். என்ன வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்று அதில் பதிவார்கள். 1962 வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. “அப்ப அவங்களும் ஒருகாலம் சரியாத்தான் இருந்திருக்கிறாங்கள்” என்றார் அண்ணை. நான் எதற்குச் சொன்னேன், அவர் எதை எடுத்துக்கொண்டார்!

இனிக் கணக்கு. கலியாண ஒழுங்கமைப்பாளர்கள் சொல்கிற வெள்ளைக்காரக் கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் மணித்தியாலம் ஆளுக்கு இரண்டு, பிறகு மணிக்கு ஒன்று. 400 பேர், ஐந்து மணித்தியாலம் என்றால் 2,400 கோப்பை. அப்படி வாங்கினால் அண்ணை வீட்டை விற்கவேண்டும். எங்கட சனத்தில் பாதி தொடாது. தொடுகிற பாதியில் ஒரு பகுதி நன்றாகத் தொடும். ஆகவே தலையை எண்ணிப் பிரயோசனம் இல்லை. அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்க்கவேண்டும்.

அண்ணியும் நானும் ஒரு இரவு இருந்து பார்த்தோம். அண்ணிக்கு எல்லோருடைய சரித்திரமும் தெரியும். “இவர் வைரவருக்கு நேர்த்தி வைச்சு விட்டவர்.” “இவர் விட்டவர் எண்டு சொல்லுறவர்.” “இவை குடும்பத்தோட குடிக்காயினம், ஆனால் மருமகன் குடிப்பார்.” இப்படிப் போய், கடைசியில் 190 பேர் வந்தார்கள். ஐம்பது பேர் ஆளுக்கு ஆறு, எண்பது பேர் ஆளுக்கு மூன்று, அறுபது பேர் ஒன்று அல்லது ஒன்றரை. மொத்தம் 630 கோப்பை. இதில் ஒரு கோப்பை என்பது கனடாவின் அளவுக் கோப்பை: 5 வீத பியர் என்றால் 341 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று, 12 வீத வைன் என்றால் 142 மில்லிலீற்றர், 40 வீதச் சரக்கு என்றால் 43 மில்லிலீற்றர். மூன்றிலும் உள்ள மதுவின் அளவு ஒன்றுதான். “நான் பியர் மட்டும்தான்” என்று சொல்லி ஆறு போத்தல் அடிக்கிற மச்சான்மாருக்கு இது தெரியாது.

43 மில்லிலீற்றர் என்றால் 1.14 லீற்றர் போத்தலில் 26 கோப்பை. 630இல் 380 விஸ்கி, கொன்யாக் வகை என்று பிடித்தால் 15 போத்தல். பியர் 7 பெட்டி. வைன் 16 போத்தல். அதற்கு மேலே கொஞ்சம் கூட்டி, சரக்கு 18, பியர் 9 பெட்டி, வைன் 24 என்று வாங்கினேன். எல்.சி.பி.ஓ.வில் பற்றுச்சீட்டோடு, திறக்காமல், விற்கக்கூடிய நிலையில் இருந்தால் திரும்ப எடுப்பார்கள் என்பதால் கூட வாங்கப் பயமில்லை. பற்றுச்சீட்டை எப்படியும் பெர்மிட்டோடு மண்டபத்தில் வைத்திருக்கத்தான் வேண்டும், தொலைக்க வழியில்லை. ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன், மண்டபத்தில் வேலை செய்த காலத்தில் பட்டது: எல்லாப் பியரையும் ஒரேயடியாக ஐஸ் தண்ணீருக்குள் போடாதீர்கள். லேபல் உரிந்துவிடும், பிறகு யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். ஒரு பெட்டி முடிய அடுத்த பெட்டி.

என்ன வகை என்பதில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. எங்கட ஆட்களுக்குப் பிளாக் லேபிள் விஸ்கி இருந்தால் அது கலியாணம், இல்லாவிட்டால் அது பிறந்தநாள். 9 போத்தல் அது. இளம் பொடியளுக்குக் கொன்யாக் 4. வொட்கா 2, ரம் 2, ஜின் 1.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், நல்ல மனிசன், ஆனால் பெரிய திட்டத்தோடு வந்தார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு முழுப் போத்தல் வைக்கவேண்டுமாம். ஊரில் அப்படித்தானாம், மரியாதையாம். 40 மேசை, 40 போத்தல். நான் கணக்குக் காட்டினேன். குடிக்காத மேசையில் வைத்த போத்தல் ஒன்பது மணிக்கு யாருடையதோ கைப்பைக்குள் போகும். குடிக்கிற மேசையில் வைத்த போத்தல் ஏழரைக்கு முடிந்து, பக்கத்து மேசைக்குக் கை நீளும். அரைவாசி குடித்துத் திறந்து கிடக்கிற போத்தலைக் கடை எடுக்காது. யார் எவ்வளவு குடித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது; அவருக்கே தெரியாது. பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப என்ர மேசைக்கு மட்டும்?” என்றார். அந்த மேசைக்கும் இல்லை. கோபம்தான். பிறகு அவருக்கு அளவுக் கோப்பையில் ஊற்றியபோது “பிள்ளை, கண்ணளவாய் விடு” என்று அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் தமிழிலேயே கேட்டாராம். அவள் சிரித்துக்கொண்டு 43 மில்லிலீற்றர் விட்டாளாம்.

பெறாமகள் ஒருநாள் தனியாக வந்தாள். “சித்தப்பா, பார் எங்க வைக்கப் போறீங்கள்?” மேடைக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம், எல்லா மண்டபத்திலும் அங்கேதான் என்றேன். “அதுதான் பிரச்சினை. என்ர சிநேகிதியள் அங்க நடந்து போய் ஒரு கிளாஸ் வைன் எடுத்தால் 400 கண் பார்க்கும். பிறகு அவையின்ர அம்மாமாருக்கு ரெலிபோன் போகும். போனமுறை ஒரு கலியாணத்தில நாங்கள் வொஷ்ரூமுக்குள்ள நிண்டு குடிச்சனாங்கள்.” அவள் தாதியாக வேலை செய்கிற பிள்ளை, 29 வயது. வொஷ்ரூமுக்குள் நின்று வைன்!

உண்மையைச் சொன்னால் எனக்கு அது புதிதாகப் பட்டது. ஆண்கள் ஒளிக்கிற டிக்கியைப் பற்றி யோசித்தேனே தவிர, பெண்கள் எங்கே ஒளிக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. பிறகு இரண்டு பார் வைத்தோம். ஒன்று வழமையான இடத்தில். மற்றது சின்னது, இளம் ஆட்களின் மேசைகளுக்குப் பக்கத்தில், படம் எடுக்கிற மூலைக்கு அருகே. அங்கே யார் போனாலும் படமெடுக்கப் போனதாகத்தான் தெரியும். வைனை மட்டும் பரிமாறுகிறவர்கள் தட்டில் வைத்து மேசை மேசையாகக் கொண்டுபோகட்டும், ஆப்பிள் சாறும் தண்ணீரும் அதே தட்டில் இருக்கட்டும் என்று ஒழுங்கு.

அவளுக்கு இன்னொரு யோசனை இருந்தது. யாழ்ப்பாணத்து நெல்லிக் கிறஷ் (கரைத்துக் குடிக்கிற நெல்லிப் பாகு), அதில் தேசிக்காயும் கொஞ்சம் இஞ்சியும் போட்டு, சோடா விட்டு ஒரு பானம். அதையே ஜின் விட்டு இன்னொன்று. இரண்டும் ஒரே நிறம், ஒரே கோப்பை, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ருசி உண்மையில் நன்றாக இருந்தது. நெல்லியின் துவர்ப்போடு ஜின் பொருந்தும் என்று நான் நினைத்ததேயில்லை. ஆனால் வித்தியாசம் தெரியாது என்பதில்தான் நான் மாட்டேன் என்று நின்றேன். மருந்து குடிக்கிற மாமிமார் இருப்பார்கள், வயிற்றில் பிள்ளையோடு வருகிறவர்கள் இருப்பார்கள், எட்டு வயதுப் பொடியன்கள் மேசையில் இருப்பதை எடுத்துக் குடிப்பார்கள். கடைசியில் இப்படி முடிந்தது. சாதா நெல்லி வாசலில், பன்னீர்த் தெளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், எல்லோருக்கும். ஜின் விட்டது சின்னப் பாரில் மட்டும், கேட்கிறவருக்கு மட்டும், கோப்பை விளிம்பில் ஒரு தேசிக்காய்த் துண்டோடு. தேசிக்காய்த் துண்டு இருந்தால் தள்ளிவை என்று அண்ணி தன் பகுதிப் பெண்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் ரகசியம் போய்விட்டது, ஆனால் ஆபத்தும் போய்விட்டது. சாதா நெல்லிதான் அன்றிரவு அதிகம் போன பானம். இரண்டு முறை கரைத்தோம். அண்ணை மட்டும் ஐந்து கோப்பை.

பிள்ளைகளுக்குப் போர்ட்டெலோச் சோடா வைத்தது பிழை. ஊர் ஞாபகத்தில் நான்தான் வாங்கினேன். ஊதா நிறம், வெள்ளை மேசை விரிப்பு. மேலும் எழுதத் தேவையில்லை.

குடியோடு கொறிக்கிற பைற்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் குடிப்பதுதான் எல்லா வில்லங்கத்துக்கும் வேர். ஆறு மணிக்கு வரச்சொல்லி, ஏழரைக்குச் சனம் வந்து, எட்டேகாலுக்குப் பொம்பிளை மாப்பிள்ளை உள்ளே வந்து, பேச்சு, கேக், படம் எல்லாம் முடிந்து சாப்பாடு திறக்கப் பத்து மணியாகும். அதுவரைக்கும் வயிற்றில் என்ன இருக்கிறது? ஆகவே பார் திறந்த நிமிடத்திலிருந்து மட்டன் ரோல்ஸ், கட்லட், டெவில் செய்த கணவாய், மரவள்ளிப் பொரியல், கடலை. ரோல்ஸ் மட்டும் 1,000. கேட்டரிங் தம்பி “அண்ணை, கூடிப்போச்சு” என்றார். ஒன்பதரைக்குத் தட்டில் தூள்தான் இருந்தது.

அன்றைக்கு என்னென்ன நடந்தது? கொன்யாக் பத்தே முக்காலுக்கு முடிந்தது. இளம் பொடியளைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். வொட்காவைச் சீண்டியவர்கள் குறைவு. சிவப்பு வைன் எல்லாம் போக, வெள்ளை 9 போத்தல் மிஞ்சியது. பைலாப் பாட்டுத் தொடங்கியதும் பியர் பறந்தது, ஆடிக் களைத்தவன் விஸ்கி கேட்கமாட்டான். ஐஸ் மண்டபத்து மெஷினை நம்பாமல் 60 பை வாங்கிவைத்தது போதுமாக இருந்தது. பெரிய பிழை சோடாவில். கோலா 40 போத்தல், ஜிஞ்சர் ஏல் 20, சோடா 12 என்று வாங்கியிருந்தேன். இளம் ஆட்களின் பழக்கத்தை நினைத்துப் போட்ட கணக்கு. அறுபதுக்கு மேலே உள்ளவர்கள் எல்லோரும் கொழும்பில் கந்தோரில் இருந்த காலத்திலிருந்து விஸ்கிக்குச் சோடாதான், வேறொன்றும் விடமாட்டார்கள். நெல்லிக்கும் சோடா போனது. ஒன்பது பத்துக்குப் பெரிய பாரில் சோடா இல்லை. ஒரு மாமா கோலா விட்ட பிளாக் லேபிளைப் பார்த்து, செத்த வீட்டுக்கு வந்தவரைப்போல நின்றார். மருமகனைக் கடைக்கு அனுப்பி 24 போத்தல் வாங்குவித்தேன்.

அவனை அனுப்ப வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தின் கடைசி வரிசையில் ஒரு டிக்கி திறந்திருந்தது.

எனக்கு வந்த கோபம்! ஐந்து மாத வேலை, பெர்மிட், காப்புறுதி, இரண்டு பார், 1,000 ரோல்ஸ். போய்ப் பார்த்தால் ஐந்து பேர். எல்லோரும் எழுபதை ஒட்டியவர்கள், அதில் மூன்று பேர் எங்கள் அப்பாவோடு படித்தவர்களின் தம்பிமார். டிக்கிக்குள் ஒரு போத்தல் தென்னஞ்சாராயம். கொழும்பிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது, வரியில்லாமல் ஆளுக்கு 1.14 லீற்றர்தானே விடுவார்கள், அந்த ஒன்று. அதை உள்ளே ஊற்றக் கேட்டிருந்தார். பெர்மிட்டில் வாங்கின சரக்கைத் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது என்று நான்தான் மறுத்திருந்தேன். ஆனால் பார்த்தால் போத்தல் திறக்கவேயில்லை. கையில் இருந்தது நெல்லிக் கிறஷ்ஷும் தண்ணீரும்.

“மாமா, உள்ளுக்கு எல்லாம் இருக்கெல்லோ? பிளாக் லேபிள் இருக்கு, ரோல்ஸ் இருக்கு. ஏன் இங்க நிக்கிறியள்?”

“இருக்கு தம்பி. எல்லாம் நல்லாச் செய்திருக்கிறாய். ஆனால் உள்ளுக்குக் கதைக்கேலாது. ஸ்பீக்கர் நெஞ்சில அடிக்குது. நாங்கள் சந்திச்சுப் பதினொரு வருஷம்.”

நான் அப்படியே நின்றேன். முப்பது வருடமாக இந்த டிக்கிகளைப் பார்க்கிறேன். குடிக்கத்தான் வெளியே போகிறார்கள் என்று நினைத்துத்தான் எல்லாக் கணக்கும் போட்டேன். பியருக்குக் கணக்கு, ஐஸுக்குக் கணக்கு, கதைக்கிறதுக்கு ஒரு மேசை வைக்கத் தோன்றவில்லை.

மண்டபத்தின் முகப்பில், உள்ளே நுழைந்ததும் இடது பக்கம், குளிர்காலத்தில் கோட் தொங்கவிடுகிற அறை ஒன்று இருந்தது. யூலை மாதம், வெறுமையாகக் கிடந்தது. பெர்மிட்டில் முகப்பையும் அந்த அறையையும் சேர்த்தே குறித்திருந்தேன், நல்ல காலம். மண்டபக்காரரிடம் கேட்டு ஒரு வட்ட மேசை, எட்டுக் கதிரை போடுவித்தேன். ஒரு தட்டு ரோல்ஸ், ஒரு தட்டுக் கணவாய், கதவை முக்கால்வாசி சாத்திவிட்டேன். பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் அரைமணிக்கு ஒருமுறை அந்தப் பக்கமும் ஒரு நடை போகச் சொன்னேன். சோடா வந்ததும் முதல் நான்கு போத்தல் அங்கேதான் போனது. பத்தரைக்கு எட்டிப் பார்த்தால் எட்டுக் கதிரைக்குப் பதினான்கு பேர். பெரியப்பாவும் அங்கேதான் இருந்தார், தன் மேசைக்குப் போத்தல் வராத கோபமெல்லாம் போய், 1974இல் நடந்த ஏதோ சைக்கிள் கதை சொல்லிக்கொண்டு. இரண்டு மாமிமாரும் வந்திருந்தார்கள், தேத்தண்ணியோடு.

பாரை பன்னிரண்டு மணிக்கு மூடினேன். சட்டப்படி இரண்டு மணி வரைக்கும் ஊற்றலாம், அதற்குப் பிறகு 45 நிமிடத்துக்குள் எல்லாக் கோப்பையையும் மேசையிலிருந்து எடுத்துவிடவேண்டும். ஆனால் கடைசி இரண்டு மணித்தியாலத்தில் போகிற சரக்கு ஒருவருக்கும் நன்மை செய்ததாக நான் கண்டதில்லை. பதினொன்றரையிலிருந்து கொத்துரொட்டியும் கோப்பியும். பெறாமகனும் மருமகன்மாருமாகத் தொடாத ஆறு பேர், மூன்று வான், குடித்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விட. அவர்களுடைய கார் திறப்புகளை (சாவிகளை) வாங்கி, சீட்டில் பெயரெழுதிக் கட்டி ஒரு சருவச் சட்டியில் போட்டுவைத்தோம். அது அண்ணியின் யோசனை. 17 திறப்பு சேர்ந்தது. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மண்டபக்காரர் கேற்றைத் திறந்தபோது 17 பேர் வந்து நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

திங்கட்கிழமை பிளாக் லேபிள் 1, வொட்கா 1, ரம் 1, வெள்ளை வைன் 9, பியர் 2 பெட்டி, எல்லாவற்றையும் கடையில் திரும்பக் கொடுத்தேன். வெறும் போத்தல்களை மருமகன் பியர் ஸ்ரோரில் கொடுத்து, பெரிய போத்தலுக்கு 20 சதம், பியருக்கு 10 சதம் என்று 22 டொலர் 80 சதம் வாங்கி வைத்துக்கொண்டான். சோடாவுக்கு ஓடிய கூலி.

கொழும்பு மாமாவின் சாராயத்தை ஞாயிறு இரவு அண்ணை வீட்டுப் பின்வளவில் திறந்தோம். அதே ஐந்து பேர், நான், மாப்பிள்ளை. பாட்டில்லை, ஸ்பீக்கரில்லை. அண்ணை தானே உள்ளே போய் சோடா எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டு, தனக்கு நெல்லியை ஊற்றிக்கொண்டு இருந்தார்.

ஒக்ரோபரில் மச்சானின் மகனுக்கு றிசெப்ஷன், பிரம்ப்டனில். போத்தல் கணக்கு என் தலையில். மண்டபத்தைப் பார்க்கப் போனபோது மனேஜர் பார் இருக்கிற இடத்தைக் காட்டத் தொடங்கினார். கோட் அறை எங்கே, அதற்குள் எத்தனை கதிரை போடலாம் என்று கேட்டேன். ஒக்ரோபரில் அங்கே கோட் இருக்குமே என்றார். அதுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.